ஸ்கிரம் முறையின் தோற்றமும் வளர்ச்சியும்

பலர் கூடிச் செய்யும் பெருவினைகளில் வினையை வகுத்தல் ஒரு கலை. வகுத்தவாறு அதனை முடித்தல் பிறிதொரு கலை. கோபுரமெழுப்புவோன் முதலிற் படம் வரைகின்றான், பின்னர்க் கல்லடுக்குகின்றான். ஐந்தாம் நிலை எழும்பியபின் அடித்தளத்தின் அகலத்தை மாற்றுதல் இயலாது. ஆதலின், முன்னர் முழுவதும் எண்ணிப் பின்னர் முழுவதும் செய்தல் என்பது கட்டடத் தொழிலில் மறுக்கலாகா விதியாயிற்று. கணினிக்குரிய ஆணைத்தொடர்களாகிய மென்பொருளை ஆக்குந் தொழில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே தோன்றியபொழுது, அதனை நடத்தியோர் இவ்விதியையே ஆங்கும் கைக்கொண்டனர். மென்பொருளோ கல்லும் சுண்ணாம்பும் போன்றதன்று. அது கண்ணாற் காண்டற்கரியது, எந்நிலையிலும் மாற்றத்தக்கது, அதனை வேண்டுவோர்க்கே, அது தம் கண்முன் இயங்குமளவும், தாம் வேண்டியது யாதென்பது தெளிவாகப் புலப்படுவதில்லை. இவ்வேறுபாட்டை ஒரு தலைமுறையினர் பெரும் பொருட்சேதத்தின் பின்னரே கற்றுக்கொண்டனர். அவர் கற்ற பாடத்தின் பொதுப்பெயர் அஜைல் என்பது. சூழ்நிலைக்கேற்ப விரைந்து இயைந்து செல்லுந் தன்மை என அதற்குப் பொருள் கூறலாம். அதன் கிளைகளுள்ளே உலகிற் பெரிதும் பரவியது ஸ்கிரம் ஆகும்.

இம்முறைகளின் வரலாறு பற்றி இருவேறு கருத்துக்கள் பரவியுள்ளன. 1970 ஆம் ஆண்டில் வின்ஸ்ரன் றோய்ஸ் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் ‘நீர்வீழ்ச்சி முறை’யை வகுத்துத் தந்து உலகைத் தவறான வழியிற் செலுத்தினார் என்பது ஒன்று. 2001 ஆம் ஆண்டிற் பதினெழுவர் கூடிய ஒரு கூட்டத்தில் அதற்கு மாற்றாக அஜைல் முறை திடீரெனப் பிறந்தது என்பது மற்றையது. கேட்டற்கு இனியவாயினும் இவை சான்றுகளோடு முற்றாகப் பொருந்துவனவல்ல. நிகழ்ந்தவற்றை முறையே நோக்குமிடத்து, வேறொரு வரலாறு வெளிப்படுகின்றது.

மென்பொருள் நெருக்கடி

1968 ஆம் ஆண்டு ஒக்தோபர் மாதத்தில், மேற்கு யேர்மனியிலுள்ள கார்மிஷ் என்னும் ஊரிலே, வட அத்திலாந்திக் ஒப்பந்த நாடுகளின் ஆதரவில் ஒரு மகாநாடு கூடிற்று. மென்பொருளாக்கத்தையும் பொறியியலின் ஒரு துறையாகக் கொள்ளல் வேண்டுமென்பது அதன் நோக்கம். மென்பொருள் நெருக்கடி என்னுந் தொடர் ஆங்கு நிகழ்ந்த உரையாடல்களின் வாயிலாகப் பரவலாயிற்று. பெரிய மென்பொருள்கள் குறித்த காலத்தில் முடிவதில்லை. குறித்த செலவில் அடங்குவதில்லை. முடிந்தபோதும் பிழை மலிந்து காணப்படுகின்றன என்பதே அறிஞர் பலருடைய முறைப்பாடாயிற்று.

அக்காலத்து அனுபவங்களுள் மிகுதியும் பேசப்படுவது ஐ.பி.எம். நிறுவனத்தின் ஓ.எஸ். 360 என்னும் பெருமென்பொருளின் வரலாறாம். அப்பணியைத் தலைமை தாங்கி நடத்திய பிரெட் புரூக்ஸ், தாம் பெற்ற பட்டறிவை 1975 இல் நூலாக வெளியிட்டார். காலந்தாழ்த்த பணிக்கு மேலும் ஆட்களைச் சேர்ப்பின் அது இன்னும் காலந்தாழ்க்கும் என்பது அந்நூலின் புகழ்பெற்ற முடிபு. நெல்லறுக்கும் வயலில் ஆட்கூட்டம் இருமடங்காயின் வேலை பாதி நாளில் முடியும். மென்பொருளில் அங்ஙனமாகாது. புதியவர்க்குப் பணியைக் கற்பித்தல் வேண்டும். கற்பிப்போர் தம் வேலையை நிறுத்தியே கற்பித்தல் வேண்டும். அன்றியும், ஒருவரோடொருவர் கலந்து பேசவேண்டிய தொடர்புகளும் பெருகுகின்றன. ஐவருள்ள குழுவில் இத்தகைய இருவர் தொடர்புகள் 10. பதின்மருள்ள குழுவில் 45. இருபதின்மருள்ள குழுவில் 190. ஆட்கள் இருமடங்காகத் தொடர்புகள் நான்கு மடங்கிற்கும் மேலாகின்றன. பிற்காலத்து ஸ்கிரம் குழுக்கள் சிறியனவாய் அமைந்தமைக்குரிய காரணம் இக்கணக்கில் அடங்கியுள்ளது.

றோய்ஸ் கூறியதும் உலகம் கொண்டதும்

1970 ஆம் ஆண்டில் றோய்ஸ் ஒரு கட்டுரை எழுதினார். விண்கலங்களுக்குரிய மென்பொருளாக்கத்திற் பெற்ற ஒன்பதாண்டு அனுபவம் அதற்கு அடிப்படையாயிருந்தது. தேவைகளை வரையறுத்தல், பகுத்தாராய்தல், அமைப்பை வகுத்தல், ஆணைத்தொடர் எழுதுதல், சோதித்தல், இயக்குதல் முதலிய படிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கீழ்நோக்கி இறங்குவதாக அதில் ஒரு படம் வரையப்பட்டிருந்தது. பார்ப்போர்க்கு அது படிப்படியாக வீழும் அருவியை நினைவூட்டிற்று. எனினும், நீர்வீழ்ச்சி என்னும் பெயரை அவர் அக்கட்டுரையில் யாண்டும் வழங்கினாரல்லர். அது 1976 ஆம் ஆண்டிற் பிறரெழுதிய கட்டுரையொன்றிலேயே காணப்படுகின்றது.

பெயரினும் முக்கியமானது கருத்து. அவ்வெளிய படத்தின்படி பணியை நடத்துதல் ஆபத்தானது, தோல்வியை வரவழைப்பது என்றே றோய்ஸ் எச்சரித்தார். சோதனை இறுதிப்படியாக அமைதலின், அடிப்படைப் பிழையொன்று ஆங்குத்தான் வெளிப்படும். வெளிப்பட்டவுடன் பணி தொடங்கிய இடத்திற்கே மீளும். காலமும் செலவும் இருமடங்காகலாம் என்பது அவர் கூறிய காரணம். இதற்குப் பரிகாரமாக, முதலில் ஒரு முன்மாதிரியைச் செய்து பார்த்துப் பின்னர் இரண்டாவதாகச் செய்வதையே கையளிக்க வேண்டுமென்றும், வாங்குவோரைத் தொடக்கமுதலே பணியில் ஈடுபடுத்தல் வேண்டுமென்றும் அவர் வற்புறுத்தினார். இதனால் அவரை அஜைல் முறையின் முன்னோடியெனக் கொள்வாருமுளர். அஃதும் மிகைக்கூற்றேயாம், என்னை, எழுத்து ஆவணங்கள் பெருந்தொகையாக வேண்டுமென்று வாதாடியவரும் அவரே. எச்சரிக்கையோடு கூடிய நடுநிலையாளர் அவரென்பதே பொருந்தும்.

உலகமோ எச்சரிக்கையை விடுத்துப் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. படிகள் தெளிவாயிருத்தலின் அது மேலாளருக்கு உவப்பளித்தது; படிதோறும் ஆவணத்தைக் கேட்டுப் பெறலாமாதலின் அரசாங்கத்திற்கு ஒப்பந்தஞ் செய்தல் எளிதாயிற்று. ஐக்கிய அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் 1985 இல் வெளியிட்ட மென்பொருள் நியமம் அவ்வாறே பலராலும் பொருள்கொள்ளப்பட்டது. 1994 இல் வேறொரு நியமம் அதன் இடத்தைப் பெறும்வரை அதன் செல்வாக்கு நீடித்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது என்னும் பழமொழியின் உண்மையைப் பல நிறுவனங்கள் இக்காலத்திலே தம் பணப்பேழையைத் திறந்து அறிந்துகொண்டன.

சிறுகச் செய்து கற்றல்

சிறிது செய்து, சோதித்து, அதனாற் கற்று, மேலுஞ் சிறிது செய்யும் வழக்கம் 2001 இற்குப் பல்லாண்டுகள் முந்தியது. பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த வால்ற்றர் ஷூவாட், உற்பத்திப் பொருள்களின் தரத்தை இடைவிடாது அளந்து திருத்தும் முறையை 1920 களிலும் 1930 களிலும் வகுத்தார். அவர்வழி வந்த எட்வேட்ஸ் டெமிங் 1950 ஆம் ஆண்டில் யப்பானியப் பொறியியலாளர்க்கு விரிவுரைகள் நிகழ்த்தினார். அமெரிக்கா மனிதனை விண்வெளிக்கு அனுப்பிய மேர்க்குரித் திட்டத்திலே, 1960 களின் தொடக்கத்தில், மென்பொருளாளர் அரைநாட் சுற்றுக்களாகப் பணிசெய்தனர்; சோதனைகளை முன்னரே எழுதிவைத்துப் பின்னரே ஆணைத்தொடர்களை எழுதினர். 1970 களில் ரொம் கில்ப் படிமுறை வளர்ச்சியை எடுத்துரைத்தார். 1980 களில் பரி போம், ஒவ்வொரு சுற்றிலும் ஆபத்தை அளந்து செல்லும் சுருள்முறையை வகுத்தார். மென்பொருளைக் கட்டடம்போற் கட்டுதலினும் செடிபோல் வளர்த்தலே தக்கதென்று 1986 இற் புரூக்ஸும் எழுதினார். ஆகவே புதிய முறைக்குரிய வித்துக்கள் பலவிடத்தும் விதைக்கப்பட்டிருந்தன. ஒரு பெயரும் ஒழுங்குமே வேண்டப்பட்டன. அவை வந்த வழி எதிர்பாராதது.

யப்பானிலிருந்து வந்த உவமை

தோக்கியோவிலுள்ள ஹிதோத்சுபாஷிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹிரோதாக்கா தக்கேயுச்சியும் இக்குஜிரோ நொனாக்காவும் 1986 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஹாவாட் வர்த்தக சஞ்சிகையில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அது மென்பொருள் பற்றியதன்று. கனன் நிறுவனத்தின் புகைப்படக் கருவிகள், புயி-சிரொக்ஸ் நிறுவனத்தின் பிரதியெடுக்கும் இயந்திரம், ஹொண்டாவின் சிறு மோட்டார்வண்டி முதலியன எவ்வாறு விரைவில் உருவாக்கப்பட்டன என்பதை அவர்கள் ஆராய்ந்தனர்.

பழைய முறை அஞ்சலோட்டத்தை ஒத்தது என்றனர் அவர்கள். ஆராய்ச்சிப் பகுதியார் ஓடிவந்து கோலை வரைவாளரிடம் கொடுப்பர். வரைவாளர் உற்பத்திப் பகுதியாரிடம் கொடுப்பர். கொடுத்தவர் கடமை அத்துடன் முடிந்தது. புதிய முறையோ றக்பி ஆட்டத்தை ஒத்தது. ஆங்கு முழு அணியும் ஒன்றாகவே முன்னேறுகின்றது. பந்து முன்னும் பின்னுமாகக் கைமாறுகின்றது. பல துறையினர் ஒரே குழுவிலிருந்து தொடக்கமுதல் இறுதிவரை பணிசெய்தல், குழு தன்னைத் தானே ஒழுங்குபடுத்திக்கொள்ளல், பணிப்படிகள் ஒன்றன்மேலொன்று கவிந்துசெல்லல், ஒருவர் பல திறன்களைக் கற்றல், மேலிடத்தார் நுண்ணிதாகக் கட்டுப்படுத்தல், கற்றவற்றை ஏனைய பகுதிகளுக்கும் பரப்புதல் என்பன அவர்கள் கண்ட இயல்புகள். குழுவை ஒரு நிச்சயமின்மையுள் நிறுத்துதலும் அவற்றுள் ஒன்று: உயர்ந்த இலக்கைக் கொடுத்து, வழியைக் குழுவினரிடமே விடுதல் என்பது அதன் கருத்து. றக்பி ஆட்டத்தில் முன்னணி வீரர் தோளொடு தோள்கோத்துக் குனிந்து நின்று பந்துக்காக உந்துஞ் செயலுக்கு ஸ்கிரம் என்று பெயர். அச்சொல்லை அவர்கள் கட்டுரையிற் கையாண்டனர். பீற்றர் டிகிரேஸ், லெஸ்லி ஸ்ராள் என்போர் 1990 இல் எழுதிய நூலில் அதனை மென்பொருட் பணிக்கு ஏற்றியுரைத்தனர்.

சதர்லண்டும் சுவேபரும்

ஜெவ் சதர்லண்ட் என்பார் வெஸ்ற் பொயின்ற் இராணுவக் கல்லூரியிற் பயின்று, வியட்நாம் போரில் வேவு விமானமோட்டி, பின்னர் மருத்துவ ஆராய்ச்சித் துறையிற் கலாநிதிப் பட்டம் பெற்றவர். 1993 ஆம் ஆண்டில் ஈசல் என்னும் மென்பொருள் நிறுவனத்திலே, ஜோன் ஸ்கம்னியோற்றேல்ஸ், ஜெவ் மக்கெனா ஆகியோரோடு சேர்ந்து, முதலாவது ஸ்கிரம் குழுவை அவர் அமைத்தார். யப்பானிய அறிஞரின் கட்டுரை அவர்களுக்கு வழிகாட்டிற்று. போலாண்ட் நிறுவனத்தின் கணக்கேட்டு மென்பொருளை ஆக்கிய குழுவினர் நாடோறும் கூடிக் கலந்துரையாடி வியத்தகு பயனடைந்தமையை ஜேம்ஸ் கோப்ளியன் ஆராய்ந்து எழுதியிருந்தார். அதிலிருந்து நாட்கூட்டம் என்னும் வழக்கத்தை அவர்கள் எடுத்துக்கொண்டனர்.

அதே காலத்தில் கென் சுவேபர் என்பாரும் தம் நிறுவனத்தில் இதனையொத்த முயற்சியில் ஈடுபட்டிருந்தார். தடித்த விதிநூல்களைப் பின்பற்றியும் மென்பொருட் பணிகள் தோற்பதேன் என்னும் வினா அவரை வருத்திற்று. டூபொன்ற் இரசாயன நிறுவனத்தின் செயன்முறைக் கட்டுப்பாட்டு நிபுணரை அவர் அணுகினார். செயன்முறைகள் இருவகையின என்பது ஆங்குப் பெற்ற விடை. ஒன்று, இன்னதை இட்டால் இன்னது விளையும் என முன்னரே வரையறுக்கத்தக்கது. மற்றையது, அங்ஙனம் வரையறுக்கவொண்ணாதது. அதனை அடிக்கடி பார்த்துப் பார்த்துத் திருத்துதலே வழி. மென்பொருளாக்கம் இரண்டாவது வகையைச் சேர்ந்தது. அதனை முதலாவது வகையாகக் கருதி நடத்தியதே பிழை. இத்தெளிவே ஸ்கிரம் முறையின் தத்துவ அடிப்படை. 1995 ஆம் ஆண்டில் ரெக்சாஸ் மாநிலத்து ஒஸ்ரின் நகரிற் கூடிய மகாநாட்டில் சுவேபர் இம்முறையை விளக்கும் கட்டுரையை அறிஞர்முன் வைத்தார்.

சினோபேட் கூட்டம்

ஸ்கிரம் தனித்து வளரவில்லை. கிறைஸ்லர் மோட்டார் நிறுவனத்தின் சம்பளக் கணக்கு மென்பொருட் பணியில் 1996 இல் ஈடுபட்ட கென்ற் பெக், தீவிர ஆணைத்தொடராக்கம் எனத்தக்க பிறிதொரு முறையை வகுத்தார். இருவர் ஒரே கணினிமுன் இருந்து எழுதுதல், சோதனையை முன்னரே எழுதுதல், வாங்குவோர் சார்பில் ஒருவர் குழுவுடனேயே இருத்தல் என்பன அதன் சிறப்புக்கள். அம்மென்பொருள் 1997 இல் ஏறத்தாழப் பதினாயிரம் பணியாளர்க்குச் சம்பளங் கணக்கிடத் தொடங்கிற்று. ஆயின் நிறுவனத்தின் ஏனைய பணியாளர் அனைவர்க்கும் விரியாமுன்னரே, 2000 ஆம் ஆண்டிற் பணி நிறுத்தப்பட்டது. முறையின் புகழ் அது பிறந்த பணியினும் நீண்டு வாழ்ந்தமை வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

2001 ஆம் ஆண்டு பெப்ருவரி 11 முதல் 13 வரை, யூற்றா மாநிலத்து மலைப்பகுதியிலுள்ள சினோபேட் என்னும் பனிச்சறுக்கு விடுதியிற் பதினெழுவர் கூடினர். பெக், சதர்லண்ட், சுவேபர், மாற்றின் பவுலர், வாட் கனிங்ஹாம், அலிஸ்ரர் கொக்பேண், றொன் ஜெப்ரிஸ் முதலியோர் அவருட் குறிப்பிடத்தக்கவர். தத்தம் முறைகளை அதுவரை ‘இலேசான முறைகள்’ எனப் பிறர் வழங்கியமை அவர்க்கு உவப்பளிக்கவில்லை. அஜைல் என்னும் பெயரைத் தேர்ந்துகொண்டனர். விதிமுறைகளிலும் கருவிகளிலும் மேலாக மனிதரையும் அவர்தம் உறவாடலையும், பல்கிய ஆவணங்களிலும் மேலாக இயங்கும் மென்பொருளையும், ஒப்பந்த வாதத்திலும் மேலாக வாங்குவோரின் ஒத்துழைப்பையும், திட்டத்தைப் பற்றிநிற்பதிலும் மேலாக மாற்றத்திற்கு இயைதலையும் மதிப்பதாக அவர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டனர். ஆவணமும் திட்டமும் வேண்டாவென அவர்கள் கூறினாரல்லர். அவற்றிற்கும் மதிப்புண்டு என்பதை அவ்வறிக்கையே ஒப்புக்கொள்கின்றது. இதனை மறந்து, எழுதாமையும் எண்ணாமையுமே அஜைல் எனக் கொண்டோர் பலர்.

முறையின் அமைப்பு

சுவேபரும் சதர்லண்டும் எழுதிய ஸ்கிரம் வழிகாட்டி 2010 இல் முதன்முதல் வெளிவந்தது. பலமுறை திருத்தப்பெற்று, 2020 இற் சுருங்கிய வடிவொன்றை அடைந்தது. அதன்படி குழுவினர் பொதுவாகப் பதின்மர் அல்லது அதனிற் குறைந்தோர். அவருட் பொருளுரிமையாளர் எனத்தக்கவர் செய்யவேண்டியவற்றை முதன்மை நோக்கி நிரற்படுத்துவார். ஸ்கிரம் மாஸ்ரர் முறையைக் கற்பித்துத் தடைகளை நீக்குவார். அவர் கட்டளையிடும் கங்காணியல்லர். ஏனையோர் ஆக்குநர். பணி ஒரு மாதத்திற்கு மேற்படாத சுற்றுக்களாக நடைபெறும். ஒவ்வொன்றும் ஸ்பிரின்ற் எனப்படும். தொடக்கத்தில் திட்டமிடற் கூட்டம். நாடோறும் பதினைந்து நிமிடக் கூட்டம். இறுதியில், செய்துமுடித்ததை வேண்டியோர்க்குக் காட்டும் மீள்பார்வை. அதன்பின், குழுவினர் தம் செயல்முறையைத் தாமே ஆராயும் பின்னோக்கு. ஒரு மாதச் சுற்றாயின் இவற்றுட் திட்டமிடலுக்கு எட்டு மணிக்கும், மீள்பார்வைக்கு நான்கு மணிக்கும், பின்னோக்கிற்கு மூன்று மணிக்கும் மேற்படலாகாது.

இக்கூட்டங்கள் அனைத்திற்கும் அடிப்படை மூன்று: உள்ளதை யாவரும் காணுமாறு வைத்தல், அதனை ஆராய்தல், ஆராய்ந்தவாறு திருத்துதல். முதலாவது பொய்யாயின் மற்றையிரண்டும் பயனிலவாம். தவறு நேர்ந்ததைச் சொன்னாற் தண்டனை வருமென்று அஞ்சுங் குழு உண்மையைக் கூறாது. ஆதலாற்போலும் ஈடுபாடு, ஒருமுகப்பாடு, திறந்த மனம், மதிப்பு, துணிவு என்னும் ஐந்து பண்புகள் 2016 இல் வழிகாட்டியிற் சேர்க்கப்பட்டன.

ஓர் அரசாங்கப் பணியின் சான்று

இம்முறையின் பயனையும் எல்லையையும் ஒருங்கே காட்டும் சான்று அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுப் பணியகத்தின் வழக்குக் கோப்பு மென்பொருளாகும். 17 கோடி டொலர் வரை செலவான முதன்முயற்சி 2005 இற் கைவிடப்பட்டது. சென்ரினல் என்னும் இரண்டாம் முயற்சி 2006 இல் ஒப்பந்தத்திற்கு விடப்பட்டது. 2010 இல், ஒதுக்கிய 45 கோடியே 10 இலட்சம் டொலரில் 40 கோடியே 50 இலட்சம் செலவாகியும், நான்கு கட்டங்களுள் இரண்டே நிறைவேறியிருந்தன. அவ்வாண்டிற் பணியகம் பொறுப்பைத் தானே ஏற்றுச் சிறு குழுவொன்றை அமைத்து, இரு வாரச் சுற்றுக்களாகப் பணியை நடத்திற்று. 2012 ஆம் ஆண்டு யூலையில் மென்பொருள் பயனுக்கு வந்தது.

இதனை மாயவித்தையெனக் கருதல் தவறு. எதிர்பார்த்த காலத்தினும் அது பிந்தியே முடிந்தது. 2011 இல் நடந்த சோதனையொன்றில், இயந்திரங்களின் வலுக்குறைவால் அது இருமுறை செயலிழந்தது. ஆயினும் இரு முயற்சிகளுக்கும் உள்ள வேறுபாடு ஊன்றி நோக்கத்தக்கது. முன்னையதில் தோல்வி இறுதியிலேயே வெளிப்பட்டது. பின்னையதில் குறைபாடு திருத்துதற்குக் காலமிருக்கும்போதே வெளிப்பட்டது.

சடங்காதல் என்னும் இடர்

வெற்றி ஒரு புதிய இடரையும் கொணர்ந்தது. இரண்டே நாட் பயிற்சியிற் பெறத்தக்க சான்றிதழ்கள் பெருகின. அவற்றை வழங்கும் நிறுவனங்களும் ஒன்றுக்கு மேற்பட்டனவாயின; சுவேபர் தாம் முன்னர் நிறுவியதொரு சங்கத்தினின்று நீங்கி 2009 இல் வேறோர் அமைப்பைத் தொடங்கினார். நாட்கூட்டம், குழுவினர் தமக்குள் ஒருங்கிணைவதற்காக ஏற்பட்டது. பலவிடத்து அது மேலாளருக்குக் கணக்கொப்புவிக்கும் சபையாயிற்று. பணியின் அளவை ஒப்புநோக்கி மதிப்பிட ஏற்பட்ட எண்கள் தொழிலாளரை அளக்குங் கோலாயின. அறிக்கையிற் கையொப்பமிட்டோருட் சிலரே இதனைக் கண்டித்தனர். டேவ் தோமஸ் 2014 இல் அஜைல் என்னும் பெயர் பொருளிழந்துவிட்டதென எழுதினார். 2018 இல் றொன் ஜெப்ரிஸ் அப்பெயரால் திணிக்கப்படும் முறைகளைக் கைவிடுமாறு மென்பொருளாளரை வேண்டினார். அவ்வாண்டிலேயே மாற்றின் பவுலர், குழுவினர் விரும்பாத முறையை அவர்மீது சுமத்துதல் அறிக்கையின் உயிர்க்கருத்துக்கே முரணென அவுஸ்திரேலியாவில் உரையாற்றினார்.

இங்கே வரலாறு ஒரு வட்டம் வந்து நிற்கின்றது. றோய்ஸ் எழுதிய கட்டுரையில் எச்சரிக்கை கைவிடப்பட்டுப் படம் நிலைத்தது. பதினெழுவர் எழுதிய அறிக்கையிலும் கருத்துக் கைவிடப்பட்டுக் கூட்டங்களும் பெயர்களுமே பலவிடத்து நிலைத்தன. இரண்டிடத்தும் நேர்ந்த பிழை ஒன்றே. வடிவத்தை எடுத்தல் எளிது. அதனை ஈன்ற அறிவை எடுத்தல் அரிது. வடிவத்தை ஓர் ஆணையால் நிறுவலாம். அறிவைப் பட்டுத்தான் பெறல் வேண்டும். கார்மிஷ் மகாநாடு தொட்டு அரை நூற்றாண்டாக மென்பொருளாளர் கற்றது, முன்னரே முழுதும் அறிதல் இயலாது என்பதே. அதனை ஒப்புக்கொள்ளும் பணிவும், அறிந்ததை அஞ்சாது கூறுதற்கு இடந்தரும் குழுவும் உள்ளவிடத்து ஸ்கிரம் பயன்தரும். அவையில்லாவிடத்து, நாடோறும் பதினைந்து நிமிடம் வட்டமாக நிற்பதனால் விளைவது கால்நோவு ஒன்றேயாம்.